தங்கத்துக்கு எதிராகக் கடனா?

வணக்கம் ஐயா. எனக்கு மேலூர் பக்கம். மதுரை நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பயிற்சி வகுப்பில் 'அகெயின்ஸ்ட்' என்ற சொல்லுக்கு இணையானவை என்று அப்போஸ், அப்ஜெக்ட், ரெசிஸ்ட், ப்ரொடெஸ்ட் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் வாக்கியம் எழுதினால் தப்பாகிறது. எங்கள் பக்கத்தில் வருவதாக இருந்த டங்ஸ்டன் சுரங்கத்தைப் பற்றி 'வீ அப்போஸ்ட் அகெயின்ஸ்ட் த மைன்' என்று எழுதினேன், சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. இன்னொரு சந்தேகம், தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் 'லோன் அகெயின்ஸ்ட் கோல்ட்' என்று பலகை பார்த்தேன். தங்கத்துக்கு எதிராக எப்படிக் கடன் கொடுப்பார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

அந்தப் பட்டியலில் இருக்கிற சொற்கள் ஒன்றுக்கொன்று சொந்தம்தான், ஆனால் ஒன்று நிற்கிற இடத்தில் இன்னொன்றைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. இதைச் சொல்லாமல் வெறும் பட்டியலை மட்டும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது உங்களைப் போல உழைத்துப் படிக்கிற பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன். ஒரு சொல்லைப் படிக்கும்போது அதன் பின்னால் என்ன வருகிறது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

உங்கள் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழில் 'சுரங்கத்தை எதிர்த்தோம்' என்கிறோம், 'சுரங்கத்துக்கு எதிராகப் பேசினோம்' என்கிறோம். முதலாவதில் 'ஐ' வந்து நேராக வினையோடு சேர்ந்துவிட்டது, இரண்டாவதில்தான் 'க்கு எதிராக' தேவைப்படுகிறது. ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதே கணக்குதான். அப்போஸ் என்பது 'ஐ' கேட்கிற வினை, அதனால் 'வீ அப்போஸ்ட் த மைன்' என்றாலே முடிந்துவிட்டது. நடுவில் அகெயின்ஸ்ட் போட்டால் 'சுரங்கத்துக்கு எதிராக எதிர்த்தோம்' என்பது போல ஆகிவிடும், அதைத் தமிழில் நீங்கள் எழுதவே மாட்டீர்கள். அப்ஜெக்ட் அப்படியில்லை, 'சுரங்கத்துக்கு ஆட்சேபணை தெரிவித்தோம்' என்பதில் வருகிற 'க்கு' போல அதற்கு ஒரு 'டு' வேண்டும்: 'வீ அப்ஜெக்டட் டு த மைன்'. எல்லா இடத்திலும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை, ஆனால் இந்த நாலு சொல்லில் தடுமாறும்போது தமிழ் வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் வழி தெரிந்துவிடும்.

பொருளிலும் வித்தியாசம் இருக்கிறது. அரிட்டாபட்டிப் பக்கத்து ஜனங்கள் சுரங்கம் வேண்டாம் என்று நின்றது அப்போஸ். அதை வாய்விட்டோ மனு எழுதியோ தெரிவித்தால் அப்ஜெக்ட். 2025 ஜனவரியில் பேரணியாக மதுரைக்கு வந்தார்களே, அது ப்ரொடெஸ்ட். 2024 டிசம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றியது 'எ ரெசொல்யூஷன் அகெயின்ஸ்ட் த மைன்'. அடுத்த மாதமே மத்திய அரசு சுரங்கத்துக்காக விட்டிருந்த ஏலத்தை ரத்து செய்துவிட்டது, அதனால் ரெசிஸ்ட் என்ற சொல்லுக்கு அங்கே வேலை வரவில்லை என்று நினைக்கத் தோன்றும், ஆனால் விலை பேச வந்தாலும் மிரட்டினாலும் வளைந்துகொடுக்காமல் தாக்குப்பிடிக்கிறவர்கள் எல்லாருமே ரெசிஸ்ட் செய்கிறவர்கள்தான்.

ப்ரொடெஸ்ட்டில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் ராத்திரி பகலாக உட்கார்ந்தவர்கள் ஜல்லிக்கட்டு வேண்டும் என்று போராடினார்கள். 'ஜல்லிக்கட்டு ப்ரொடெஸ்ட்' என்று சுருக்கி எழுதினால் நம் ஊரைத் தெரியாத ஒருவர் ஜல்லிக்கட்டே கூடாது என்று போராடியதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. 'ப்ரொடெஸ்ட் அகெயின்ஸ்ட் த ஜல்லிக்கட்டு பேன்' என்று தடையையும் சேர்த்து எழுதினால்தான் விஷயம் நேராகும்.

சரி, தங்கத்துக்கு வருவோம். அங்கே அகெயின்ஸ்ட் என்றால் 'பேரில்'. நகையின் பேரில் கடன், அவ்வளவுதான். நீங்கள் வங்கி வேலைக்குப் போகிறவர், இந்தப் பொருள் உங்களுக்கு தினமும் வரும்: வைப்புத்தொகையின் பேரில் கடன், சொத்தின் பேரில் கடன், எல்லாம் அகெயின்ஸ்ட்தான். ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்தாலும் 'அகெயின்ஸ்ட் த வால்', டெட்டனஸ் வராமலிருக்க ஊசி போட்டாலும் 'அகெயின்ஸ்ட் டெட்டனஸ்', மனசில்லாமல் ஒரு காரியத்தைச் செய்தாலும் 'அகெயின்ஸ்ட் மை வில்'. எங்குமே பகை இல்லை, பாருங்கள்.

காரணம், அந்தச் சொல் பகையில் பிறந்ததே இல்லை. அகெயின் என்பதும் அகெயின்ஸ்ட் என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை, பழைய ஆங்கிலத்தில் அந்த வேருக்கு 'நேர் எதிரே, முகத்துக்கு முகமாக' என்ற பொருள் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒருவரை எதிர்கொண்டு வரவேற்கப் போவதைக்கூட இந்தச் சொல்லால்தான் எழுதினார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடனே எதிர்சேவைதான் ஞாபகம் வந்தது. அழகர்கோவிலிலிருந்து கிளம்பி வருகிற கள்ளழகரை, மறுநாள் வைகையில் இறங்குவதற்கு முன்னால், மூன்றுமாவடியிலும் தல்லாகுளத்திலும் சொம்பில் சர்க்கரையை நிரப்பி அதன்மேல் சூடம் ஏற்றிக்கொண்டு ஜனங்கள் எதிர்கொள்கிறார்களே, அந்த 'எதிர்' எதிர்ப்பா என்ன? எத்தனை பாசமான சொல் அது! எதிர்பார்ப்பு, எதிர்காலம், எதிரொலி என்று நம்மிடமும் பகையில்லாத எதிர்கள் நிறைய இருக்கின்றன. அதனால் அகெயின்ஸ்ட்டுக்கு இத்தனை பொருள் இருக்கிறதே என்று மிரள வேண்டாம், இதே பாதையில் நடந்த ஒரு சொல்லைத்தான் சின்ன வயதிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்புறம் ஒன்று. 'பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல' என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் அகெயின்ஸ்ட் போட்டு எழுதக் கூடாது, அங்கே ஆப்போசிட்தான் வரும். கடைப் பலகைகளில் பெரும்பாலும் 'ஆப்போசிட் டு' என்று பார்ப்பீர்கள், தேர்வில் 'டு' இல்லாமல் 'ஆப்போசிட் த பஸ் ஸ்டாண்ட்' என்று எழுதுங்கள், யாரும் அடிக்க மாட்டார்கள்.

நூலகத்தில் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று தனியாக வருகிற அகராதிகளைக் கேட்டு வாங்குங்கள். பொருளுக்குக் கீழே எடுத்துக்காட்டு வாக்கியங்கள் போட்டிருப்பார்கள், அவற்றைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். சுரங்கத்தைப் பற்றிய அந்தப் பத்தியை மறுபடி எழுதி அனுப்புங்கள், கட்டாயம் பார்த்துச் சொல்கிறேன்.