ஆள் இல்லை என்கிறார் ஓனர், வேலை இல்லை என்கிறார் டிரைவர்: லாரித் தொழில் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஓனர்களுடையது, மீதி டிரைவர்களுடையது. அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லையாம், இவர்களுக்கு வேலை கிடைக்கவில்லையாம். என்ன வண்டி, எந்த லைன் (எந்த ரூட்) என்று எழுதாத கடிதங்களை ஒதுக்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். கேட்டபாடில்லை. போனால் போகிறதென்று அப்படிப்பட்டவற்றில் சிலவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

என்னிடம் ஆறு வண்டி. இரண்டு வண்டி ஆள் இல்லாமல் ஷெட்டில் நிற்கிறது. முன்பு மாதிரி நல்ல டிரைவர்கள் இப்போது ஏன் வருவதில்லை? (லாரி உரிமையாளர், சங்ககிரி)

முன்பு அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கிளீனராக ஏறி, தார்ப்பாய் கட்டி, டயர் கழற்றி, ராத்திரியில் காலி ரோட்டில் ஸ்டியரிங் பிடித்துப் பழகித்தான் டிரைவர் ஆனார்கள். இன்று வடக்கே போகிற வண்டியில்கூட கிளீனர் இல்லை. ஒரு சம்பளம் மிச்சம் என்று நாமே நிறுத்தினோம். பிறகு ஐந்து வருஷ அனுபவத்தோடு ஆள் வேண்டும் என்றால் எங்கிருந்து வருவான்?

இன்னொன்று. டெல்லி போன வண்டி ரிட்டர்ன் லோடுக்காக சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் நான்கு நாள் கிடந்தால், அந்த நான்கு நாளுக்கு டிரைவருக்கு என்ன தருகிறீர்கள்? டயர் வெடித்தால் யார் கணக்கில் எழுதுகிறீர்கள்? மூட்டை குறைந்தால்? இது எதையும் நீங்கள் எழுதவில்லை. 1961ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றுதான் சொன்னது. லோடு ஏற்றக் காத்திருப்பதையும் சேர்த்து உங்கள் டிரைவர் எத்தனை மணி நேரம் முழித்திருக்கிறார் என்று கணக்குப் போடுங்கள். காத்திருக்கும் நாளுக்கும் படி, மாதம் ஒரு தடவை நிச்சயமாக வீடு என்று எழுத்தில் கொடுத்துப் பாருங்கள், ஆள் வரும். கூடவே ஒரு கிளீனரையும் ஏற்றுங்கள்.

என் ஹெவி லைசென்ஸ் முடிந்து 14 மாதம் ஆகிறது. ஃபைன் கட்டினால் போதும்தானே? (டிரைவர், ராசிபுரம்)

போதாது. ஒரு வருஷம் தாண்டிவிட்டதால் மறுபடி டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பழைய 30 நாள் சலுகையும் இல்லை. முடிந்த மறுநாள் ஓட்டினாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதுதான், அபராதம் 5,000. வண்டியைக் கொடுத்த ஓனருக்கும் தனியாக 5,000. முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். கார்டில் தேதியைப் பாருங்கள், பாருங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது?

கார் லைசென்ஸை வைத்து லோடு வண்டி ஓட்டலாம் என்று கோர்ட் சொல்லிவிட்டதாமே? (ஊர், வண்டி எதுவும் எழுதவில்லை)

எல்லா லோடு வண்டியும் அல்ல. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. பொருளோடு சேர்த்த எடை அது, வெறும் வண்டியின் எடை அல்ல. ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி வண்டியில் ஒன்று இந்த எல்லைக்குள் இருக்கும், அடுத்தது வெளியே போய்விடும். ஆர்சியைப் பாருங்கள். ஆபத்தான சரக்கு என்றால் இந்தத் தீர்ப்பை நம்பி ஏறாதீர்கள்.

18 வருஷம் ஹெவி ஓட்டியிருக்கிறேன், கடைசி ஆறு வருஷம் டிரைலர். பெரிய கம்பெனிக்குப் போனால் அனுபவச் சான்றும் சம்பள ஸ்லிப்பும் கேட்கிறார்கள். பழைய ஓனர் எழுதித்தர மாட்டேன் என்கிறார். ஒரிஜினல் லைசென்ஸும் அவரிடம்தான் இருக்கிறது. (டிரைவர், பரமத்தி வேலூர்)

இந்தக் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது, ஊர்ப் பெயர்தான் மாறும். எனக்கு வரும் கோபமும் மாறுவதில்லை.

உங்கள் 18 வருஷம் எந்தக் காகிதத்தில் இருக்கிறது? சரக்கோடு போகும் இ-வே பில்லில் இருப்பது வண்டி நம்பர். ஃபாஸ்டாக் ஓனர் கணக்கு. எஃப்சி (தகுதிச் சான்று), பர்மிட், இன்ஷூரன்ஸ் எல்லாம் வண்டிக்கு. சம்பளம் கையில் வாங்கினீர்கள், பிஎஃப் இல்லை. கன்னியாகுமரி முதல் ஜம்மு வரை ஓட்டியது நீங்கள், காகிதத்தில் அனுபவம் வண்டிக்கு. நேற்று லைசென்ஸ் எடுத்த பையனும் நீங்களும் அந்த கம்பெனி மேஜையில் ஒன்றுதான்.

ஓனர் ஏன் எழுதித்தருவதில்லை? தந்தால் நீங்கள் போய்விடுவீர்கள் என்பது ஒன்று. "இவர் என்னிடம் வேலை செய்தார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கு பிஎஃப், விபத்து இழப்பீடு என்று கேள்வி வரும் என்ற பயம் இன்னொன்று. அவர்தான் சங்கக் கூட்டத்தில் எழுந்து டிரைவர் பஞ்சம் என்று பேசுவார்.

சரி, வழி என்ன? முதலில் அட்வான்ஸ் பாக்கி இருந்தால் தீர்த்துவிட்டு, கணக்கு முடிந்தது என்று எழுதி வாங்குங்கள். லைசென்ஸ் உங்களுடையது, அட்வான்ஸுக்கு அடமானம் அல்ல. கேட்டும் தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். இனி எந்த ஓனர் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும்தான், ஒரிஜினல் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

அப்புறம் சான்று. லைசென்ஸில் ஒவ்வொரு வகை வண்டிக்கும் அனுமதி கிடைத்த தேதி இருக்கும், ஹெவி எப்போது எடுத்தீர்கள் என்பதற்கு அதுவே ஆதாரம். லோடு ஏற்றும்போது தரும் எல்ஆர் (சரக்கு ரசீது) காப்பியில் பெரும்பாலும் டிரைவர் பெயரும் கையெழுத்தும் இருக்கும். சிமென்ட் ஆலை, இரும்பு ஆலை கேட் பாஸில் பெயரோடு லைசென்ஸ் நம்பரும் எழுதுவார்கள். டெலிவரி முடிந்ததும் அதைக் கசக்கி டேஷ்போர்டில் போடாமல் போனில் படம் எடுத்துத் தேதிவாரியாகச் சேருங்கள். படியை ஜிபே-யில் வாங்குங்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஏறும். லோடு புக்கிங் ஆபீஸில் தெரிந்தவர் இருந்தால் லெட்டர்பேடில் இரண்டு வரி வாங்குங்கள்.

ஆள் எடுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் ஒன்று. சம்பள ஸ்லிப் கொடுக்காத தொழிலில் சம்பள ஸ்லிப் கேட்டு என்ன பிரயோஜனம்? டிரைலரை ரிவர்ஸில், சரக்கு ஏற்றி இறக்கும் டாக்கில் விடச் சொல்லுங்கள். எத்தனை தடவை முன்னுக்கு எடுத்துத் திருப்புகிறார், பின்னால் விடுவதற்கு முன் இறங்கிப் போய் ஒரு பார்வை பார்க்கிறாரா என்பதைக் கவனியுங்கள். ஐந்து நிமிஷத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

வயது 52. எல்லா இடத்திலும் 45க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். சட்டம் அப்படியா? (டிரைவர், திருச்செங்கோடு)

இல்லை. சட்டத்தில் மேல் வயது வரம்பே கிடையாது. மருத்துவச் சான்றோடு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். அது கம்பெனிகள் தாமே போட்டுக்கொண்ட கோடு. சின்ன ஓனர்களிடம் கேளுங்கள். கண்ணாடி தேவையென்றால் வெட்கப்படாமல் போடுங்கள்.

கேஸ் டேங்கர் ஓட்ட எட்டாவது பாஸ் வேண்டுமா? (டிரைவர், நாமக்கல்)

ஹெவி லைசென்ஸுக்கான எட்டாவது பாஸ் நிபந்தனையை 2019லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆபத்தான சரக்கு ஓட்ட, ஒரு இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிய வேண்டும். அந்தப் பதிவு மூன்று வருஷத்துக்குத்தான். மறுபடியும் சொல்கிறேன், தேதியைப் பாருங்கள்.

விபத்து கேஸ் நடக்கிறது. புதுச் சட்டத்தில் பத்து வருஷம் ஜெயிலாமே? இதனால் யாரும் வேலை தர மாட்டேன் என்கிறார்கள். (டிரைவர், சேலம்)

பத்து வருஷம் என்பது, விபத்தில் உயிர்போய், தகவல் சொல்லாமல் ஓடிப்போனவர்களுக்கான, பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டத்தின் 106(2) பிரிவு. 2024 ஜனவரி போராட்டத்துக்குப் பிறகு அதை நிறுத்திவைத்தார்கள், ஜூலையில் புதுச் சட்டம் வந்தபோதும் அந்த உட்பிரிவு மட்டும் அமலுக்கு வரவில்லை. கவனக்குறைவால் மரணம் என்றால் 106(1), ஐந்து வருஷம் வரை. வாய்தாவுக்குத் தவறாமல் போங்கள். விடுதலையானால் தீர்ப்பு நகலை உடனே வாங்கிவையுங்கள், கம்பெனி கேட்பது அதைத்தான். புது ஓனரிடம் மறைக்காதீர்கள், போலீஸ் சரிபார்ப்பில் எப்படியும் வெளியே வரும்.

சவுதியில் டிரைலர் வேலைக்கு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கட்டலாமா? (டிரைவர், தொட்டியம்)

கட்டாதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அவரிடமும் ஒரிஜினல் லைசென்ஸைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஊரில் 12 வருஷம் லாரி ஓட்டினேன். கனடாவில் ஒன்டாரியோ வந்த பிறகு அது கணக்கில் வருமா? (பிராம்டன்)

லைசென்ஸுக்கு வராது. டிரைலர் ஓட்ட ஏ வகுப்பு வேண்டும், அதற்கு 2017 முதல் குறைந்தது 103.5 மணி நேரக் கட்டாயப் பயிற்சி. அதை முடித்தாலும் பல கம்பெனிகள் வட அமெரிக்க அனுபவம் கேட்கும், ஏனென்றால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கிறார். புதியவர்களை எடுத்துப் பழக்கும் கம்பெனியில் முதல் இரண்டு வருஷத்தை ஓட்டிவிடுங்கள். உங்களைத் தனிக் கம்பெனி ஆரம்பிக்கச் சொல்லி, சம்பளத்தைப் பிடித்தம் இல்லாமல் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். பிறகு வரி, விபத்து எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

என் 2016 மாடல் டாரஸ் லாரிக்கு ஏசி கேபின் கட்டாயமா? (ஓனர், கரூர்)

இல்லை. அது 2025ல் அமலுக்கு வந்த விதி, அதற்குப் பிறகு தயாராகும் வண்டிகளுக்குத்தான். பழைய வண்டியில் டிரைவர் சீட்டின் கிழிந்த ரெக்சினையாவது மாற்றிக் கொடுங்கள்.