கட்டணம் குறைந்த பொது கோல்ஃப் மைதானம் தரமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கிரீனை, அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்பைப் பாருங்கள். பார் 72, அதாவது 18 குழிகளையும் 72 அடிகளில் முடிக்க வேண்டும் என்ற கணக்கிலேயே 36 அடிகள் கிரீனில் பந்தை உருட்டத்தான். ஃபேர்வேயில், அதாவது கிரீன் வரை போகும் புல்வெளிப் பாதையில், புல் திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தால் சமாளிக்கலாம். கிரீன் மோசமென்றால் கொடுத்த காசு வீண். ஆடத் தொடங்கும் முன் பயிற்சி கிரீனில் ஐந்தாறு அடி தூரத்திலிருந்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். பந்து துள்ளித் துள்ளிப் போய், வேகம் குறையும்போது இஷ்டத்துக்கு விலகினால் பராமரிப்பு சரியில்லை. 108 மி.மீ. அகலக் குழியின் விளிம்பையும் கவனியுங்கள். சிதைந்து தேய்ந்திருந்தால், குழியை இடம் மாற்றி நாளாகிவிட்டது.

ஒன்று, கிரீன் முழுக்க வரிசையாகச் சிறு துளைகளும் மேலே மணலும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மண்ணுக்குக் காற்றோட்டம் தரும் வேலை அது. நல்ல மைதானம்தான் அதைச் செய்யும். ஆனால் அந்த நாட்களில் முழுக் கட்டணம் கேட்டால், கூச்சப்படாமல் தள்ளுபடி கேளுங்கள்.

ஸ்லோப் ரேட்டிங்கை வைத்துத் தரத்தை எடைபோடாதீர்கள். 55 முதல் 155 வரையான அந்த எண், தேர்ந்த ஆட்டக்காரரோடு ஒப்பிட்டால் சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கூடுதல் கடினம் என்பதை மட்டுமே சொல்லும். பங்கர் எனும் மணற்பள்ளங்களின் மணலெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

அப்புறம், எத்தனை நிமிட இடைவெளியில் ஆட்களை இறக்குகிறார்கள் என்று விசாரியுங்கள். பத்து நிமிடம் என்றால் நிம்மதி. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு குழு என்றால், விடுமுறை நாளில் ஒவ்வொரு டீயிலும் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) காத்துக் கிடக்க வேண்டியதுதான்.