30 நொடி விழிப்புணர்வு அனிமேஷன்: மாணவர்களை எங்கிருந்து தொடங்க வைப்பது?

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு ஆசிரியர். வகுப்பில் 28 பேர். ஒவ்வொரு குழுவும் 30 நொடியில் ஒரு விழிப்புணர்வு அனிமேஷன் படம் செய்ய வேண்டும். ஆறு வாரம் இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு பாடவேளை. சில போன்களும் ஒரு பழைய கணினியும் கைவசம் உண்டு. போன வருடமும் முயன்றோம். எல்லாப் படத்திலும் பூமி அழுதது, கடைசியில் ‘தண்ணீரைச் சேமிப்போம்’ என்று எழுத்து வந்தது. பாதிக் குழுக்கள் படத்தை முடிக்கவே இல்லை. எந்த மென்பொருள் நல்லது? நாங்கள் எங்கே தவறினோம்?

பதில்: மென்பொருளைக் கடைசியில் சொல்கிறேன், அதில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. பூமி அழுததற்கும் பாதிக் குழுக்கள் முடிக்காமல் போனதற்கும் காரணம் ஒன்றேதான். என்ன சொல்லப்போகிறோம் என்று முடிவாவதற்கு முன்பே பிள்ளைகள் வரைய உட்கார்ந்துவிட்டார்கள்.

‘தண்ணீரைச் சேமிப்போம்’ என்பது தலைப்பு. அதைப் பார்த்தவர் எழுந்துபோய் என்ன செய்ய வேண்டும்? யாருக்கும் தெரியாது. விழிப்புணர்வுப் படத்துக்கு வேண்டியது ஒரு ஆள், ஒரு நேரம், ஒரு செயல். ‘காலையில் பல் துலக்கும்போது குழாயை மூடு’ என்றால் மூன்றும் வந்துவிட்டன. இப்போது எதை வரைய வேண்டும் என்பதும் தெரிகிறது: ஒரு கண்ணாடி, ஒரு முகம், ஒரு குழாய், ஒரு கை. பூமியை வரைய வேண்டிய அவசியமே இல்லை.

ஒவ்வொரு குழுவிடமும் இந்த வாக்கியத்தை நிரப்பச் சொல்லுங்கள்: “இந்தப் படத்தைப் பார்த்த பிறகு ____, ____ செய்யும்போது, ____ செய்ய வேண்டும்.” முதல் கோட்டில் ‘மக்கள்’ என்றோ ‘எல்லோரும்’ என்றோ எழுதினால் ஏற்காதீர்கள். ‘ஆறாம் வகுப்புப் பிள்ளை’ என்று எழுதினால் சரி. ஒரு பாடவேளை முழுவதும் இதற்கே போகும், போகட்டும்.

வாக்கியம் கிடைத்ததும் பிள்ளைகள் இணையத்தில் புள்ளிவிவரம் தேடுவார்கள். ஏதோ ஒரு பெரிய எண் கிடைக்கும், எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நான் நடத்திய ஒரு பட்டறையில் ஒரு குழுவை நேராகக் குழாயடிக்கே அனுப்பினேன். லிட்டர் கோடு போட்ட வாளியை வைத்து, வழக்கமாகத் திறக்கும் அளவுக்குக் குழாயைத் திறந்து, இரண்டு நிமிடம் கடிகாரம் பார்த்தார்கள். நிரம்பிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, எண்ணோடு வந்தார்கள். அது அவர்கள் குழாயின் எண். யார் கேட்டாலும் “நாங்களே அளந்தோம்” என்று சொல்லலாம். அந்த எண் படத்தில் வந்ததோ இல்லையோ, வாளி வந்தது. படத்தின் மையமே அதுதான் ஆனது.

சொல்லும் விதத்தில் ஒரு பொறி இருக்கிறது, பெரியவர்களும் அதில் விழுகிறார்கள். ‘எல்லோரும் குப்பையைக் கண்ட இடத்தில் போடுகிறார்கள், நாம் மாறுவோம்’ என்று தொடங்கினால், பார்ப்பவர் மனதில் தங்குவது ‘எல்லோரும் போடுகிறார்கள்’ என்பதுதான். அமெரிக்காவின் அரிசோனாவில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் என்ற தேசியப் பூங்கா உண்டு. கல்லாகிப்போன பழங்கால மரத் துண்டுகள் அங்கே கிடக்கின்றன, அவற்றை எடுத்துப்போகக் கூடாது. உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் அங்கே இரண்டு விதமான பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். ‘இதற்கு முன் வந்த பலர் எடுத்துப்போய்விட்டார்கள்’ என்ற பொருளில் பலகை இருந்தபோது, அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் ஏறக்குறைய 8 சதவீதம் காணாமல் போயின. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்ற பலகை இருந்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் தவறு செய்யும் கூட்டத்தைக் காட்டாதீர்கள். சரியாகச் செய்யும் ஒருவரைக் காட்டுங்கள். பயமுறுத்த வேண்டியிருந்தால், தப்பிக்கும் வழியையும் அதே மூச்சில் காட்டுங்கள். வழி இல்லாத பயத்தைப் பார்க்கும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அடுத்தது ஒலி. ஆமாம், படத்துக்கு முன்பே. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். முதலில் வரைந்துவிட்டுப் பிறகு குரலைச் சேர்த்தால், குரல் ஓடும், படம் நிற்கும், இரண்டும் ஒட்டாது. எழுதிய வசனத்தை வாய்விட்டுப் படித்துக் கடிகாரம் பாருங்கள். நம் சொற்கள் நீளம். 30 நொடிக்கு 45 சொற்களே அதிகம், 20 இருந்தால் படம் மூச்சுவிடும். வகுப்பறையில் பதிவு செய்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். கனமான போர்வைக்குள் போனையும் பேசும் பிள்ளையையும் உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

அந்தக் குழாய்ப் படத்தின் ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்த தாள், எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆறே கட்டங்கள். முதல் கட்டம் 4 நொடி: கண்ணாடியில் தூக்கம் கலையாத முகம், குழாய் ஓடுகிறது. இரண்டாவது 5 நொடி: துலக்கல் நடக்கிறது, கீழே ஒரு வாளி நிரம்புகிறது. மூன்றாவது 6 நொடி: பக்கத்தில் இன்னொரு வாளி, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான்காவது 4 நொடி: கண் மெதுவாகக் கீழே பார்க்கிறது. ஐந்தாவது 4 நொடி: கை குழாயை மூடுகிறது. ஆறாவது 7 நொடி: பிரஷ் உரசும் சத்தம் மட்டும், ‘துலக்கும்போது குழாயை மூடு’ என்ற எழுத்து. முதலில் இதற்குப் பின்னணிக் குரலும் எழுதி வைத்திருந்தார்கள். ஒலியைப் பதிவு செய்து கேட்டபோது ஒரு மாணவி, “குரலே வேண்டாம் சார், தண்ணீர்ச் சத்தம் நின்றதுமே புரிகிறது” என்றாள். இடைவிடாமல் ஓடிய சத்தம் சட்டென்று நிற்கும் அந்த நொடிதான் படம். வசனத்தை மொத்தமாக எடுத்துவிட்டார்கள்.

இனி அனிமாடிக். ஸ்டோரிபோர்டுக் கட்டங்களைப் போனில் படம் பிடித்து, பதிவு செய்த ஒலியின் மேல், அந்தந்த நொடிக் கணக்கில் அடுக்குங்கள். எதுவும் அசையாது, ஆனால் முழுப் படமும் தெரியும். இதை வேறு வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேருக்குக் காட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: “இது உன்னை என்ன செய்யச் சொல்கிறது?” குழுவினர் விளக்கம் சொல்லக் கூடாது, வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். நால்வரில் இருவர் தடுமாறினாலும் திரும்பப் போய் மாற்றுங்கள். இந்தக் கட்டத்தில் மாற்றுவது பத்து நிமிட வேலை. படம் பிடித்த பிறகு என்றால் ஒரு வாரம் போய்விடும்.

உங்களிடம் 12 பாடவேளைகள் உள்ளன. அவற்றில் ஐந்தை இதுவரை சொன்னதற்கே ஒதுக்குங்கள். ஐந்து பாடவேளை படம் பிடிக்க, மிச்சம் இரண்டு கோர்க்கவும் காட்டவும். 28 பேரை நால்வராகப் பிரித்தால் ஏழு குழு. உருவங்களை நகர்த்த ஒருவர், போனுக்கு ஒருவர், ஸ்டோரிபோர்டைப் பார்த்து ஃப்ரேம் (ஒவ்வொரு தனி நிலைப்படம்) எண்ணிக் குறிக்க ஒருவர், வெட்டவும் ஒட்டவும் ஒருவர். எண்ணுகிறவர் வேலையை எல்லோரும் சின்னதாக நினைப்பார்கள். நான் பார்த்தவரை, படம் முடிவதும் முடியாததும் பெரும்பாலும் அவர் கையில்தான்.

எந்த முறை? அட்டையில் வெட்டிய உருவங்களை மேஜைமேல் வைத்து, மேலிருந்து போனில் எடுக்கும் கட்-அவுட் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகர் 1926-இல் வெளியிட்ட முழுநீளப் படத்தையே கறுப்பு நிழலுருவங்களை வெட்டி, அடியிலிருந்து விளக்கு போட்டுச் செய்தார். ஓவியம் வராது என்று ஒதுங்கும் பிள்ளைக்கும் கத்தரிக்கோல் பிடிக்க வரும்.

கணக்கைப் பார்த்து மிரள வேண்டாம். சினிமாவில் நொடிக்கு 24 ஃப்ரேம். கையால் செய்யும் அனிமேஷனில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேம் நிறுத்துவது பழைய வழக்கம், அதாவது நொடிக்கு 12 படம். 30 நொடிக்கு 360. ஆனால் எல்லா நொடியும் அசைய வேண்டியதில்லை. கடைசி எழுத்து 5 நொடி அப்படியே நிற்கும், அதற்கு ஒரே படம் போதும். முகம் யோசிக்கும் இடத்தில் கண் சிமிட்டினால் போதும்: பாதி மூடிய கண் ஒரு படம், மூடியது இரண்டு, மறுபடி பாதி ஒன்று. இப்படிக் கழித்தால் 200 படத்துக்குள் வந்துவிடும்.

அசைவு உயிரோடு தெரிய ஒரு ரகசியம் உண்டு. கை குழாயை நோக்கிப் போகிறது என்றால், ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு நகர்த்தக் கூடாது, இயந்திரம் மாதிரி இருக்கும். முதலில் 2 மில்லிமீட்டர், அப்புறம் 5, பிறகு 10, 10, மறுபடி 5, கடைசியில் 2. மெதுவாகக் கிளம்பி, வேகமெடுத்து, மெதுவாக நிற்கும். காகிதத்தில் இந்தப் புள்ளிகளைக் குறித்து ஓரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படம் பிடிக்கும் இடத்தில் வரும் தொல்லைகள் எல்லாம் சின்னவை, ஆனால் நாளையே விழுங்கிவிடும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள். ஒரு மேகம் கடந்தால் படம் மின்னி மின்னி மங்கும். திரையை இழுத்துவிட்டு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மேஜை விளக்கு வையுங்கள். பெரும்பாலான போன்களில் கேமரா திரையில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் அதைச் செய்யுங்கள். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் போன் அதிரும். படமெடுக்கப் போனைத் தொட்டாலே அது நகரும். பல போன்களில் ஒயர் இயர்போனின் வால்யூம் பொத்தானே ஷட்டராக வேலை செய்யும். மேஜையின் கால்களுக்குத் தரையில் டேப்பால் அடையாளம் போட்டு வையுங்கள், யாராவது இடித்தால் திரும்ப அதே இடத்தில் நிறுத்தலாம். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளை குனியும்போது வெளிச்சம் திரும்பி அடித்துப் படம் வெளுக்கும். என் பட்டறையில் இதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது, அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

இப்போது மென்பொருள். எதையும் வாங்க வேண்டாம். கட்-அவுட்டுக்குப் போனிலேயே ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற செயலி போதும், நொடிக்கு 12 என்று அமைத்துவிட்டுத் தொடங்கலாம். கணினியில் வரைய ஆசைப்படும் குழுவுக்குப் பென்சில்2டி இலவசம், பழைய கணினியிலும் ஓடும். ஒலியைச் சீர்செய்ய அடாசிட்டி, அதுவும் இலவசம். முப்பரிமாண அனிமேஷனுக்கான பிளெண்டர் அற்புதமான கருவிதான், ஆனால் ஆறு வாரத்தில் மூன்று அதைக் கற்றுக்கொள்ளவே போய்விடும். செயற்கை நுண்ணறிவு செயலியில் ஒரு வரி தட்டிப் படம் எடுத்துவிடலாம் என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். நான் விடமாட்டேன். குழாயை மூடும் கையை இருபது தடவை நகர்த்திய பிள்ளைக்கு அந்தச் செய்தி கையிலேயே பதிந்துவிடுகிறது, அந்தப் பயன் வேறு வழியில் வராது.

பாட்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டு இணையத்தில் ஏற்றினால், உரிமையாளர் கோரிக்கையில் ஒலி முடக்கப்படலாம், படமே நீக்கப்படலாம். படைத்தவரே மற்றவர்கள் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இசை கிடைக்கிறது, அதிலும் நிபந்தனைகளைப் படித்து, கேட்டிருந்தால் பெயர் போட வேண்டும். இதைவிட நல்லது, பிள்ளைகளே ஒலி செய்வது. கண்ணாடிக் காகிதத்தைக் கசக்கினால் நெருப்பு, காய்ந்த பிரஷ்ஷை அட்டையில் தேய்த்தால் பல் துலக்கும் சத்தம்.

கண் சம்பந்தமான ஒரு எச்சரிக்கையைத் தவறவிடாதீர்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னிய காட்சியைப் பார்த்து 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிலருக்கு வலிப்பே வந்தது. ஒரு நொடிக்குள் மூன்று தடவைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்பதை வகுப்பு விதியாகவே வையுங்கள். எழுத்து வரும் இடத்தில் பின்னணி இருட்டாக, எழுத்து வெளிச்சமாக, அல்லது நேர்மாறாக இருக்கட்டும். நிதானமாக இரண்டு தடவை படிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நிற்கட்டும். பேச்சு இருந்தால் அதைக் கீழே எழுத்திலும் போடுங்கள். பலர் போனில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள், காது கேளாதவர்களுக்கும் அது வேண்டும். பிள்ளைகளின் குரலும் பெயரும் வெளியே போகும் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள்.

மதிப்பெண் போட வேண்டியிருந்தால் படத்தின் அழகுக்கு அதிகம் போடாதீர்கள். முதல் ஸ்டோரிபோர்டையும் அனிமாடிக்குக்குப் பிறகு திருத்தியதையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழாய்ப் படக் குழுவின் முதல் ஸ்டோரிபோர்டில் 14 கட்டங்கள் இருந்தன, அதில் பூமியும் இருந்தது.