பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியவர் யார்? மலைப்பாம்புக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பாம்புக்குச் சம்பந்தமே இல்லை. கோத்தகிரியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். வருஷா வருஷம் முதல் நாளே இதைக் கேட்டுவிடுவார்கள்.

நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கியது இது. ‘மான்டி பைத்தான்’ என்ற பிரிட்டிஷ் டிவி நகைச்சுவை பிடிக்கும் என்பதால் அந்தப் பெயர். 1991இல் வெளியிட்டார்.

முன்பு ஏபிசி என்ற மொழிக்காக உழைத்தவர். வரியை உள்ளே தள்ளி எழுதும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். என் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் இங்கேதான். மழையில் கரன்ட் போனால், கரும்பலகையில் நாலு விரல் வைத்து நாலு ஸ்பேஸ் அளந்து காட்டுவேன்.

பிறகு கைடோ கூகுள், டிராப்பாக்ஸ் நிறுவனங்களில் வேலை பார்த்தார். 2018இல், பைத்தானில் ‘:=’ குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய சண்டையில் சலித்துப்போய் அதன் தலைமையை விட்டார். 2019இல் ஓய்வு. அது போரடித்ததாம், 2020இல் மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்துவிட்டார்.