சீனச் சமையலில் பாகற்காய்: கேள்வி பதில்

கேள்வி: பாகற்காயையும் மாட்டிறைச்சியையும் டௌச்சி என்ற புளித்த கறுப்பு சோயா போட்டு வதக்கினேன். காய் குழைந்து, தட்டு முழுக்கத் தண்ணீர். எங்கே தப்பு?

பதில்: ஈரக் காயும் கறியும் ஒன்றாக வாணலியில் விழுந்திருக்கும். சூடு இறங்கினால் வதங்காது, வேகும்.

300 கிராம் காயை நீளவாக்கில் பிளந்து, கரண்டியால் விதையோடு வெள்ளைச் சதையையும் சுரண்டுங்கள்; அது பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும். அரை செ.மீ. கனத்தில் சாய்வாக நறுக்கி, உப்பும் சில சொட்டு எண்ணெயும் விட்ட கொதிநீரில் 1 நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் அலசுங்கள். பிறகு துணியில் ஒற்றுவதுதான் முக்கியம்.

200 கிராம் கறியை நாருக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்கி, சோயா சாஸ் 2 தேக்கரண்டி, சோள மாவு, எண்ணெய் தலா 1 தேக்கரண்டி பிசறி 15 நிமிடம் வையுங்கள். வாணலி லேசாகப் புகைந்ததும் கறியைப் பரப்பி, முக்கால் பதத்தில் எடுத்துவிடுங்கள். அடுத்து பூண்டு 3 பல், டௌச்சி 1 மேசைக்கரண்டி. டௌச்சி உப்பிட்டுப் புளிக்கவைத்தது; அலசி ஒன்றிரண்டாக நறுக்கிப் போடுங்கள், தனி உப்பு வேண்டாம். மணம் வந்ததும் காய், 2 நிமிடம். அரை தேக்கரண்டி சர்க்கரை, 3 மேசைக்கரண்டி தண்ணீர், கறி. அரை நிமிடத்தில் இறக்குங்கள்.

கேள்வி: கசப்பு முழுசாகப் போக என்ன வழி?

பதில்: போக்காதீர்கள், அதற்காகத்தான் இந்தக் காயே! டௌச்சியின் உப்பும் முட்டையின் கொழுப்பும் கசப்புக்குத் துணை நிற்கும். கூடச் சமைக்கும் பொருளில் தன் கசப்பை ஏற்றாத காய் என்பதால் சீனர்கள் இதை ‘ஜுன்ட்ஸி சாய்’, அதாவது சான்றோர் காய் என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர். தென்சீனக் கன்டோனியர்களோ ‘கசப்பு’ என்ற சொல்லுக்குத் துன்பம் என்றும் பொருள் இருப்பதால் அதைத் தவிர்த்து, ‘லியுங் குவா’, குளிர்ச்சிக் காய் என்பார்கள்.

முட்டையோடு செய்வதானால் கொதிநீர் தேவையில்லை. 150 கிராம் காயைக் காகிதம்போல் சீவி, அரை தேக்கரண்டி உப்பில் 10 நிமிடம் வைத்துப் பிழிந்து, வதக்கி, 3 முட்டையை அடித்து ஊற்றுங்கள்.

கேள்வி: தென்சீன ஹக்கா மக்களின் முறையில் கறி அடைத்த பாகற்காய் வளையங்களிலிருந்து பூரணம் கழன்று விழுகிறது, அக்கா.

பதில்: கறி வெந்தால் சுருங்கும், காயின் உட்சுவர் வழுவழுப்பு. இரண்டையும் பிடித்துவைப்பது சோள மாவு. 3 செ.மீ. வளையங்களைக் கொதிநீரில் 2 நிமிடம் போட்டெடுத்து, உள்ளே ஈரம் துடைத்து, மாவைத் தூவிய பிறகே அடையுங்கள். 250 கிராம் கொத்திய பன்றிக்கறியில் கொழுப்பு கால் பங்காவது வேண்டும். உப்பு, வெள்ளை மிளகுத்தூள், 1 தேக்கரண்டி சோள மாவு சேர்த்து, கை வலிக்க ஒரே பக்கமாகக் கிளறுங்கள். கிண்ணத்தின் சுவரில் இழை இழையாக ஒட்டுவதுதான் பதம். சற்று மேடாக அடைத்து, முகத்தைப் பொன்னிறமாகப் பொரித்து, டௌச்சி சாறில் மூடி 10 நிமிடம் வேகவிடுங்கள்.

கேள்வி: நம்மூர் முள் பாகற்காய் ஆகுமா?

பதில்: வதக்கலுக்கும் முட்டைக்கும் ஆகும், கசப்பு தூக்கலாக இருப்பதால், முட்டைக்கும்கூட, கொதிநீரில் 2 நிமிடம் விடுங்கள். அடைக்க, தென்சீன வகைதான் சரி: வெளிர்பச்சை, உருண்ட முகடுகள், தடித்த சதை. மிதிபாகலில் அடைக்க இடமே இல்லை.

கேள்வி: விலா எலும்பு சூப்பில் காய் எப்போது போடுவது?

பதில்: 500 கிராம் எலும்பு, ஊறவைத்த சோயா ஒரு கைப்பிடி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், சிறுதீயில் 1 மணி நேரம். பிறகு பெரிய துண்டுகளாகக் காய், இன்னும் 20 நிமிடம். உப்பு கடைசியில்.