கடன் வெறும் நம்பர் இல்ல தம்பி

அன்புள்ள சார்,

உங்க எழுத்த நாலஞ்சு வருஷமா படிக்கிறேன். போன மாசம் அமெரிக்க அரசாங்கத்தோட கடன் பத்தி எழுதினதுல ரிபப்ளிகன் கட்சிய போட்டு தாக்கியிருந்தீங்க. நீங்களே உங்கள கன்சர்வேட்டிவ்னு தான சொல்லிக்கிறீங்க, அரசாங்கக் காச அள்ளி எறைக்கிறது டெமாக்ரட்ஸ் தான? அமெரிக்கா தன்னோட சொந்த டாலர்ல தான் கடன் வாங்குது, வேணும்னா நோட்ட அடிச்சுக்கலாம், கடன் வெறும் நம்பர்னு எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. டாரிஃப், அதாவது எறக்குமதி வரி, அந்தக் காசுலயே கடன அடைச்சிடலாம்னும் சொல்றாங்க. நான் சிட்டிசன் ஆகி வர்ற நவம்பர்ல தான் மொத ஓட்டு. ரெண்டு மாசம் முன்னாடி எங்களுக்கு பொண்ணு பொறந்திருக்கா. ஃபெட், அதான் அமெரிக்க மத்திய வங்கி, வட்டிய கொறச்சா மார்ட்கேஜ், அதாவது வீட்டுக்கடன் வட்டி, எறங்குமா, இப்ப வீடு வாங்கலாமா இல்ல காத்திருக்கவா?

பெயர் வேண்டாமே சார்,
பிளேனோ, டெக்சாஸ்

தம்பி,

மொதல்ல பொண்ணுக்கு என் ஆசீர்வாதம். ராத்திரி ரெண்டு மணி பால நீங்க குடுங்க, உங்க மனைவிய கொஞ்சம் தூங்க விடுங்க, அந்த ஒரு மணி நேரம் பின்னாடி எந்த விலை குடுத்தாலும் கெடைக்காது.

டாரிஃப் விஷயத்த சீக்கிரமா முடிச்சிடுறேன். 2025 நிதியாண்டுல கஸ்டம்ஸ் வரியா வந்தது கிட்டத்தட்ட 195 பில்லியன், அந்த வருஷ பற்றாக்குறை கிட்டத்தட்ட 1.8 ட்ரில்லியன். புதுக்கடன் வாங்குறத நிறுத்தவே இது பத்தாது, இதுல பழைய கடன எங்க அடைக்கிறது? அதோட டாரிஃப்னா அது வரி, எறக்குமதி பண்றவர் கட்டி, முடிஞ்ச வரைக்கும் நம்ம பில்லுல ஏத்துற வரி. ஐரோப்பாக்காரங்க அமெரிக்க கோழிக்கு வரி போட்டாங்கன்னு ஜனாதிபதி ஜான்சன் பதிலுக்கு போட்ட 25 சதவீத டிரக் வரி 1964லேர்ந்து இன்னும் நிக்குது, கோழிச் சண்டைய எல்லாரும் மறந்தாச்சு, வரி மட்டும் போகல. போதும்.

நான் பதில் எழுத உக்காந்தது ‘வெறும் நம்பர்’னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்காக. படிச்சதும் கோவம் வந்துச்சு, உண்மையாவே கோவம். ஏன்னா ரெண்டு வாரமா நான் ஒரு பெரியவரையே நெனச்சிட்டு இருந்தேன்.

1991ல ஒஹாயோல டேட்டனுக்கு வந்தேன். ஒரு பழைய வீட்டோட மாடில வாடகைக்கு இருந்தேன், கீழ வீட்டுக்காரரு, மனைவி எறந்து போயி தனியா இருந்தாரு. டூல் அண்ட் டை கடைல முப்பது வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, ரிபப்ளிகன் தவிர வேற யாருக்கும் ஓட்டு போட்டதில்லன்னு பெருமையா சொல்லுவாரு. அமெரிக்க அரசியல்ல எனக்கு அ ஆ சொல்லிக் குடுத்தது அவரு தான். மொத குளிர்காலம், ஜனவரி மாசம், வீட்ட சூடாக்குற ஃபர்னஸ் செத்துப் போச்சு. ரெண்டு எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கிட்டு வந்து ரெண்டையும் மாடில எனக்கு வச்சாரு, வாடகைல இருபது டாலர் கொறச்சிக்கன்னாரு, அவரு கீழ கோட்ட போட்டுக்கிட்டு அடுப்பு பக்கத்துல உக்காந்திருந்தாரு. மார்ச் வரைக்கும் இப்படித் தான். எனக்கு தாங்கல. பேங்க்ல கேட்டா நாளைக்கே லோன் குடுப்பாங்களே, புதுசு போட்டுடலாமேன்னு கேட்டேன். அதுக்கு அவரு, லோன்ல போட்டா அந்த தவணை உன் வாடகை மேல வந்து நிக்கும், நீ காலி பண்ணிட்டு போனா அடுத்து வர்ற பையன் தலைல, அந்தப் பையன் கிட்ட நான் கேக்கவே இல்லையேன்னாரு.

எனக்கு அப்ப வயசு இருபத்தஞ்சு. இவ்ளோ பிடிவாதம் எதுக்குன்னு தான் தோணுச்சு. இப்ப உங்க லெட்டர படிச்சப்போ அந்த அடுத்து வர்ற பையன் ஞாபகம் தான் வந்துச்சு, உங்க பொண்ணு இருக்காளே, அவ தான் அது.

அடுத்து 1992 எலெக்‌ஷன். எந்தக் கட்சியும் இல்லாம தனியா ஜனாதிபதி தேர்தல்ல நின்ன ராஸ் பெரோ காசு குடுத்து டிவில அரை மணி நேரம் வாங்கி, கைல ஒரு குச்சிய வச்சிக்கிட்டு சார்ட் காட்டி, நாடு நாலு ட்ரில்லியன் கடன்ல இருக்குன்னு பாடம் எடுத்தாரு. வீட்டுக்காரரு என்ன கீழ கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சி முழுசா பாக்க வச்சாரு. வாழ்க்கைல மொத தடவையா அவரு ரிபப்ளிகனுக்கு போடாம பெரோவுக்கு போட்டாரு, பெரோவுக்கு கிட்டத்தட்ட 19 சதவீதம் ஓட்டு, அப்ப ரிபப்ளிகன் ஜனாதிபதியா இருந்த பெரிய புஷ் தோத்தாரு. ‘என் உதட்ட படிங்க, புது வரி கெடையாது’ன்னு 1988ல சொல்லிட்டு 1990ல வரி ஏத்தினாரே, வாக்கு தவறிட்டாரே, அந்தக் கோவம்.

நானும் அப்ப அதான் சரின்னு நெனச்சேன். தப்பு தம்பி, அத சொல்லத் தான் இவ்ளோ சுத்தி வர்றேன். அந்த 1990 ஒப்பந்தத்துல என்ன இருந்துச்சுன்னு கத்துறவங்க யாரும் பாக்கல. உச்ச வருமான வரி 28லேர்ந்து 31 ஆச்சு, அது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம். அதுக்குள்ள இன்னொரு விதி இருந்துச்சு: இனிமே காங்கிரஸ் புதுசா வரி கொறைக்கிறதோ, பென்ஷன், மெடிகேர்ங்கிற முதியோர் மருத்துவக் காப்பீடு மாதிரி நிரந்தர சலுகைய கூட்டுறதோ செஞ்சா, அந்தக் காச வேற எங்க வெட்டி, எங்க வசூல் பண்ணி ஈடுகட்டுறோம்னு அதே கையோட காட்டணும். மத்த செலவுக்கு தனியா ஒரு வரம்பு. ரிபப்ளிகன் தலைவர்கள்ல ஒருத்தரான கிங்ரிச் எதிர்த்தாரு, சொந்தக் கட்சிக்காரங்களே புஷ்ஷ துரோகின்னாங்க, அந்த மனுஷன் பதவியவே எழந்தாரு. ஆனா அந்த விதி நின்னுச்சு. அது மேல 1993ல கிளிண்டன் வரி, 1997ல கிங்ரிச் காங்கிரஸும் கிளிண்டனும் சேந்து போட்ட ஒப்பந்தம், கூடவே நல்ல பொருளாதாரம், எல்லாம் சேந்து 1998லேர்ந்து 2001 வரைக்கும் நாலு வருஷம் அமெரிக்க பட்ஜெட்ல உபரி. 2000ல மட்டும் 236 பில்லியன் மிச்சம். உங்க ஆபீஸ்ல இத யாராவது நம்புவாங்களா, கேட்டுப் பாருங்க.

1998ல அந்த வீட்டுக்காரர பாக்க டேட்டன் போயிருந்தேன், ரொம்ப தளந்து போயிருந்தாரு, உபரின்னு பேப்பர்ல வந்திருந்தத எடுத்து காட்டினாரு. நான் அன்னைக்கு புஷ்ஷுக்கு போட்டிருக்கணும்னு சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. அதான் நான் அவர கடைசியா பாத்தது.

சரி, அந்த விதிய யாரு சாகடிச்சா? 2002ல அது காலாவதி ஆனப்போ புதுப்பிக்கல, வெள்ளை மாளிகைல நம்ம ரிபப்ளிகன் ஆளு, காங்கிரஸோட கீழ்சபையும் நம்ம கைல. மறு வருஷமே, 2003 நவம்பர்ல, மெடிகேர்ல மருந்துச் செலவ சேத்தாங்க, அதுக்குன்னு தேவையான காச எங்கயும் ஒதுக்கல, ராத்திரி மூணு மணிக்கு ஓட்டெடுப்ப தொடங்கி கிட்டத்தட்ட மூணு மணி நேரம் தொறந்து வச்சி, எதுத்து போட்டவங்கள ஒவ்வொருத்தரா கூப்பிட்டு அமுக்கி, 220க்கு 215னு பாஸ் பண்ணாங்க. செஞ்சது ரிபப்ளிகன் தலைமை தம்பி! டெமாக்ரட்ஸ் செலவு பண்ணலயா? பண்ணாங்க, 2021ல 1.9 ட்ரில்லியன ஒரே சட்டத்துல எறக்கினாங்க, நான் அன்னைக்கும் எதிர்த்து எழுதினேன். ஆனா அவங்க செலவு பண்ணுவோம்னு சொல்லித் தான் ஓட்டு கேக்குறாங்க. நம்மாளுங்க சிக்கனம்னு சொல்லி ஓட்டு வாங்கிட்டு 2025 ஜூலை 4ல போட்ட சட்டம் பத்து வருஷத்துல 3.4 ட்ரில்லியன் பற்றாக்குறைய கூட்டும்னு காங்கிரஸோட சொந்த பட்ஜெட் ஆபீஸே கணக்கு போட்டுச்சு, கடன் உச்சவரம்ப அதே சட்டத்துல அஞ்சு ட்ரில்லியன் ஏத்திக்கிட்டாங்க. வரிய கொறைங்க, எனக்கு சந்தோஷம், வாழ்நாள் பூரா அதான் கேட்டுட்டு இருக்கேன். ஆனா செலவ வெட்டாம வரிய மட்டும் கொறச்சா அது வரிக்குறைப்பு இல்ல, இன்னைக்கு நீங்க கட்ட வேண்டியத உங்க பொண்ணு பேர்ல எழுதி வைக்கிறது. இத செய்றவன எப்படி நான் கன்சர்வேட்டிவ்னு கூப்பிடுறது?

ரீகன்? அவர மதிக்கிறேன், ஆனா அவரு காலத்துலயும் கடன் ஒரு ட்ரில்லியன்லேர்ந்து கிட்டத்தட்ட 2.7 ஆச்சு, அத மறைக்க மாட்டேன். ஆனா 1983ல சோஷியல் செக்யூரிட்டிங்கிற அரசாங்க ஓய்வூதியம் காலியாகப் போகுதுன்னு தெரிஞ்சதும் டெமாக்ரட் சபாநாயகர் டிப் ஓ’நீலோட உக்காந்து, ரிட்டயர்மெண்ட் வயச படிப்படியா 67க்கு தள்ளி கையெழுத்து போட்டாரே, அந்தத் துணிச்சல் இன்னைக்கு யாருகிட்ட இருக்கு? ஓய்வூதிய நிதி 2033ல தீந்துடும், அப்புறம் வர்ற வரிய வச்சி 77 சதவீதம் தான் குடுக்க முடியும்னு 2025ல அந்த நிதியோட டிரஸ்டிகளே எழுதியிருக்காங்க. ரெண்டு கட்சியும் ‘தொட மாட்டோம்’னு சத்தியம் பண்ணுது. உங்க ஊருக்கு ஓட்டு கேட்டு வர்றவர நிறுத்தி, எத வெட்டுவீங்கன்னு கேளுங்க, வீண்செலவ வெட்டுவோம்னு சொன்னா விடாதீங்க, எந்த செலவு, எவ்ளோன்னு கேளுங்க.

இப்ப அந்த நம்பருக்கு வர்றேன். 2024 நிதியாண்டுல வட்டி மட்டும் கிட்டத்தட்ட 880 பில்லியன், ராணுவத்துக்கு செஞ்ச செலவ விட அதிகம். இந்தக் காசுல ஒரு ரோடு போடல, ஒரு சிப்பாய்க்கு சம்பளம் குடுக்கல, போன வருஷங்கள்ல தின்னதுக்கு கட்டினது. நோட்ட அடிச்சா விலைவாசி எகிறும், அடிச்சுக்கலாம்னு சொல்றவங்கள 1980 பத்தி கேளுங்க. அந்த வருஷம் விலைவாசி 13.5 சதவீதம் ஏறுச்சு, அத அடக்க ஃபெட் தலைவர் வோல்கர் வட்டிய 20 வரைக்கும் கொண்டு போனாரு, 1981 அக்டோபர்ல முப்பது வருஷ மார்ட்கேஜ் பதினெட்டர சதவீதத்த தாண்டுச்சு, 1982 கடைசில வேலையில்லாதவங்க 10.8 சதவீதம். எங்க வீட்டுக்காரரோட கடைல அப்ப பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம், மிச்சம் இருந்தவங்க சம்பளத்துல ஆளுக்கு கொஞ்சம் எடுத்து அவங்க வீட்டுக்கு மளிகை சாமான் வாங்கிக் குடுத்ததா சொல்லுவாரு. உங்க ஆபீஸ்காரங்க நம்பர்னு சொல்றது அவங்களுக்கெல்லாம் வேலையா இருந்துச்சு தம்பி. இனிமே அந்த வார்த்தைய என் கிட்ட எழுதாதீங்க.

வீடு. ஃபெட் கொறச்சா மார்ட்கேஜ் கொறையும்னு கட்டாயம் இல்ல, 2024 செப்டம்பர்லேர்ந்து டிசம்பருக்குள்ள ஃபெட் ஒரு முழு சதவீதம் கொறச்சப்போ மார்ட்கேஜ் ஏறித் தான் போச்சு, ஏன்னா மார்ட்கேஜ் பத்து வருஷ அரசாங்கப் பத்திரத்தோட வட்டிய ஒட்டித் தான் நகரும், அரசாங்கத்துக்கு பத்து வருஷத்துக்கு காச குடுக்குறவன் அரசாங்கம் எவ்ளோ கடன் வாங்குது, விலைவாசி எங்க போகுதுன்னு பாத்துத் தான் வட்டி கேக்குறான். அதனால வட்டி எறங்கும்னு நம்பி கைய மீறி வாங்காதீங்க. இருபது சதவீதம் முன்பணமும், அதுக்கு மேல ஆறு மாச செலவுக்கு காசும் இருந்தா வாங்குங்க, இல்லன்னா இன்னும் ரெண்டு வருஷம் வாடகைல இருங்க, கொழந்தைக்கு அது தெரியவா போகுது. வாங்குறதுக்கு முன்னாடி ஃபர்னஸுக்கு என்ன வயசுன்னு பாத்துக்கோங்க, டெக்சாஸ்ல ஏசிக்கும்.

பொண்ணுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்கன்னு எழுதவே இல்லையே.