காய்ச்சல் போனது, படபடப்பு போகவில்லையே?

கொரோனாவுக்குப் பிறகு இதயத்திலும் ரத்தக்குழாயிலும் வரும் தொந்தரவுகள் பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் இதயநோய் மருத்துவர்களின் பதில்களும்.

எனக்கு 34 வயது. கொரோனா வந்து மூன்று மாதம் ஆகிறது. இருமல், காய்ச்சல் எல்லாம் போய்விட்டது. ஆனால் படுத்து எழுந்தால் நெஞ்சு படபடவென அடிக்கிறது. பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நின்றால் கண் இருட்டுகிறது. இ.சி.ஜி., எக்கோ இரண்டும் நார்மல். ‘டென்ஷன்தான்’ என்கிறார்கள். அப்படித்தானா?
- வாசகி, பெரம்பூர்

டென்ஷன் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இ.சி.ஜி.யும் எக்கோவும் படுத்த நிலையில் எடுப்பவை. உங்களுக்குத் தொந்தரவு வருவதோ நிற்கும்போது. ஆகவே நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

2021-ல் வாங்கி அலமாரியில் கிடக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுங்கள். ஆக்சிஜன் அளவுக்குப் பக்கத்தில் தெரியும் இன்னொரு எண்தான் நாடித்துடிப்பு. விரலில் நகப்பூச்சு இருக்கக் கூடாது. கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். காலையில், காபி குடிப்பதற்கு முன் செய்வது நல்லது. பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். 10 நிமிடம் பேசாமல் படுத்திருந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறியுங்கள். பிறகு எழுந்து, சுவரில் சாயாமல், காலை மாற்றி மாற்றி வைக்காமல் நில்லுங்கள். 2, 5, 10-வது நிமிடங்களில் மறுபடி குறியுங்கள். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும், பத்து நிமிடத்தை முடித்தே தீர வேண்டும் என்பதில்லை.

படுத்திருந்தபோது 74 இருந்தது, நின்றதும் 104-ஐத் தாண்டி அங்கேயே நிற்கிறது, ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணோ 20 அளவுக்கு இறங்கவில்லை என்றால், ‘பாட்ஸ்’ எனப்படும் கோளாறாக இருக்கலாம். பெரியவர்களுக்கு 30 துடிப்பு ஏற்றம்தான் கணக்கு. 12 முதல் 19 வயது வரை 40. எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். நரம்புகள் உடனே ரத்தக்குழாய்களைச் சுருக்கி அதை மேலே அனுப்ப வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு இந்தத் தானியங்கிக் கட்டுப்பாடு தடுமாறுகிறது. குறைந்த ரத்தத்தை வைத்துச் சமாளிக்க இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தசோகை, தைராய்டு, நீர்ச்சத்துக் குறைவு ஆகியவையும் இதே தொந்தரவைத் தரும் என்பதால் ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் நாளைக்கு 2 முதல் 3 லிட்டர். உப்புப் போட்ட மோர் நல்லது, ஆனால் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதயப் பலவீனம் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அழுத்தக் காலுறை முழங்கால் வரை போட்டால் போதாது. தொடை, முடிந்தால் இடுப்பு வரை வேண்டும். சென்னை வெயிலில் நாள் முழுக்கப் போடுவது கொடுமை. வெளியே போகும் நேரத்துக்கு மட்டும் போட்டாலும் பலன் உண்டு. உடற்பயிற்சியை நடையில் ஆரம்பிக்காதீர்கள். பலர் இங்கேதான் தோற்று விட்டுவிடுகிறார்கள். தரையில் படுத்துக் காலால் சைக்கிள் மிதிப்பது, நீச்சல் போன்றவற்றில் சில நிமிடங்களோடு தொடங்கி, வாரக் கணக்கில் கூட்டுங்கள். மறுநாள் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆனால் அளவைக் குறையுங்கள். இதெல்லாம் போதாதபோது ப்ரொப்ரனலால், ஐவாப்ரடின் போன்ற மாத்திரைகள் உண்டு. ஆஸ்துமா இருந்தால் முன்னதை மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. குறித்து வைத்த எண்களை அவரிடம் காட்டுங்கள். உங்கள் பேச்சைவிட அந்தத் தாள் வேகமாக வேலை செய்யும்.

அப்பாவுக்கு 68 வயது. கொரோனா வந்து ஆறு வாரம். பேக்கேஜ் டெஸ்ட்டில் டி-டைமர் 620 என்று சிவப்பில் வந்திருக்கிறது. தொந்தரவு ஒன்றும் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தரலாமா?
- மயிலாப்பூர்

தர வேண்டாம். உறைந்த ரத்தம் கரையும்போது வரும் புரதத் துணுக்கின் அளவுதான் டி-டைமர். முதலில் ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள்: எஃப்.இ.யூ.வா, டி.டி.யூ.வா? ஒரே ரத்தத்துக்கு எஃப்.இ.யூ. எண் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். வேறு வேறு லேப் ரிப்போர்ட்டுகளை ஒப்பிட்டுப் பயப்படுவது பெரும்பாலும் இதனால்தான். அடுத்து வயது. 50-ஐத் தாண்டியவர்களுக்கு எஃப்.இ.யூ. கணக்கில் வயதைப் பத்தால் பெருக்கி வருவதே வரம்பு; அப்பாவுக்கு 680. லேப் அச்சடிக்கும் 500 எல்லோருக்கும் ஒரே கோடு.

தொந்தரவு இல்லாதவருக்கு இந்த டெஸ்ட்டே தேவையில்லை. ஆஸ்பிரினும் அப்படித்தான்: பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வில், மருத்துவமனையில் இருந்த கொரோனா நோயாளிகளிடம்கூட அது இறப்பைக் குறைக்கவில்லை; வயிற்றில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து மட்டும் நிச்சயம். காலைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளவெடுங்கள். ஒன்று 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் உள்ளே ரத்தக்கட்டு இருக்கலாம்; அன்றே டாப்ளர் ஸ்கேன். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் வலி, சளியில் ரத்தம் என்றால் டெஸ்ட்டுக்கு அலையாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். வைரஸ் நுழையும் கதவையே அந்த மாத்திரை பெரிதாக்குகிறதாமே? கொரோனா வந்தால் நிறுத்தலாமா?
- தாம்பரம்

நிறுத்தாதீர்கள். வைரஸ் ஏ.சி.இ.2 என்ற புரதத்தைப் பிடித்து நுழைவது உண்மை. இந்த வகை மாத்திரை அந்தப் புரதத்தைக் கூட்டுமோ என்று கிளம்பிய சந்தேகம் இது. பிரேசிலில் இதே வகை மாத்திரைகளைச் சிலருக்குத் தொடர்ந்தும் சிலருக்கு 30 நாள் நிறுத்தியும் பார்த்தார்கள். நிறுத்தியதால் நன்மை இல்லை. வாந்தி, வயிற்றுப்போக்கால் உடம்பு வறண்டு, மேல் அழுத்தம் 100-க்குக் கீழே போனால் மட்டும் சிறுநீரகத்தைக் காப்பாற்ற மருத்துவர் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார். ஸ்டென்ட் வைத்தவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: ரிட்டோனவிர் கலந்த கொரோனா மாத்திரை ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் க்ளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும், கொழுப்பைக் குறைக்கத் தரும் அடோர்வாஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மருந்துச் சீட்டைக் காட்டாமல் அதை வாங்காதீர்கள்.

இளம் வயதினர் திடீரென்று இறப்பதற்குத் தடுப்பூசிதானே காரணம்?
- வியாசர்பாடி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) இதை நேரடியாக ஆராய்ந்தது. 47 மருத்துவமனைகள், 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேர். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை: கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம், இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிய குடி அல்லது கடுமையான உடலுழைப்பு. கோவிஷீல்டு போட்ட சில வாரங்களுக்குள் மிக அரிதாக ரத்தம் உறைந்தது உண்மை. வருடங்கள் கழித்து வரும் மாரடைப்பை அதன் தலையில் கட்ட முடியாது. தொற்றின் கணக்கு வேறு. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2022-ல் வெளிவந்த ஆய்வில், கொரோனா வந்தவர்களில் 1,000 பேருக்கு 45 பேர் ஒரு வருடத்துக்குள் கூடுதலாக இதய, ரத்தக்குழாய்க் கோளாறுக்கு ஆளானார்கள். அவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள் என்பதால் அதே எண்ணை உங்கள் வீட்டுப் பையனுக்குப் போட வேண்டாம்.

22 வயது மகன் ஃபுட்பால் ஆடுபவன். கொரோனாவின்போது நெஞ்சு வலித்தது. எப்போது ஆட விடலாம்?
- ராயபுரம்

இ.சி.ஜி., ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எக்கோ மூன்றும் பார்த்த பிறகுதான். மூன்றும் சரி, வலியும் இல்லை என்றால் படிப்படியாக ஆடலாம். ஒன்றில் கோளாறு தெரிந்தாலும் இதய எம்.ஆர்.ஐ. எடுத்து, தசை வீக்கம் உறுதியானால் 3 முதல் 6 மாதம் ஓட்டமே கூடாது. வீங்கிய தசையின் மேல் வேகமான ஆட்டம் விழும்போதுதான் துடிப்பு தாறுமாறாகிறது. வலி போய்விட்டது என்பது வீக்கம் வடிந்ததற்கு அத்தாட்சி ஆகாது. மைதானத்துக்கு அனுப்பும் முன் ட்ரோபோனினை மறுபடி பார்த்து, ட்ரெட்மில் டெஸ்ட்டும் 24 மணி நேர இ.சி.ஜி. பதிவும் (ஹோல்டர்) எடுக்கச் சொல்லுங்கள்.